இருநூற்று எட்டாம் அறை

அத்தியாயம் 5

மண்ணூர்பேட்டை 'ஏகா ரெசிடென்சி'யின் இரண்டாவது மாடி வராந்தாவில் காலை பதினோரு மணிக்கு இரண்டு இளைஞர்கள் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் செல்போன், இன்னொருவன் கையில் இஞ்ச் டேப். 207-க்கு அடுத்த கதவில் 209 என்று போட்டிருந்தது. நடுவில் இருக்கவேண்டிய 208-ஐச் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள், உள்ளே ஆவி குடியிருக்கிறது என்று அவர்களுடைய சேனலில் ஏற்கெனவே இரண்டு பாகம் வெளியாகி, மூன்றாம் பாகத்துக்கு ஊரே காத்திருந்தது.

அவர்களைத் தாண்டிப் போன பெண்மணி ஜமீலா. ஆவடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் நடத்துபவள். துப்பறியும் நிறுவனம் என்றால் துப்பாக்கி, துரத்தல் என்று கற்பனை ஓட வேண்டாம். மாப்பிள்ளை சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா, தலையில் இருப்பது சொந்த முடிதானா என்று விசாரிப்பதுதான் பத்தில் ஒன்பது கேஸ். பின்னால் வந்தவன் அவளுடைய உதவியாளன் பிராங்க். காலும் கையும் சும்மா இருந்தாலும் வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும்.

"இன்னா மாமே, பேய் கெடச்சுதா?" என்று பிராங்க் அவர்களிடம் நின்று விசாரித்தான். "கெடச்சா ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. அது இல்லாம இந்த ஓட்டல்ல யாருக்கும் ரூம் கெடையாது."

அலுவலக அறையில் முதலாளி ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் தொடங்கி ஓட்டல் வரை உயர்ந்தவர். உயர்ந்த விஷயத்தை மறக்காதவர், பிறரையும் மறக்க விடாதவர். மேஜை மேல் இரண்டு காகிதங்கள். ஒன்று ரிசப்ஷனில் வேலை பார்க்கும் எழிலரசியை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். கையெழுத்துதான் பாக்கி. இன்னொன்று அந்தக் கடிதத்துக்குக் காரணமான பட்டியல்.

'அம்பத்தூரில் தங்கப் போகிறீர்களா? உள்ளே இருப்பவர் சொல்லும் ரகசியங்கள்' என்ற தலைப்பில் இரண்டு மாதமாகச் செல்போனுக்குச் செல்போன் தாவிக்கொண்டிருந்தது அந்தப் பட்டியல். எந்த அறையில் வெந்நீர் வரும், எந்த அறையில் வராது, எங்கே சாப்பிடலாம், எங்கே சுற்றிப் பார்க்கலாம், எல்லாம் ஏகா ரெசிடென்சி பெயர் போட்டே எழுதியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து ரிசப்ஷனில் சண்டை பிடிக்கிறார்கள் என்பது ஏகாம்பரத்தின் புகார். எழுதியது எழிலரசிதான் என்பது, தலைப்பைத் தாண்டிப் படிக்காமலே அவர் கொடுத்த தீர்ப்பு. ஜமீலாவை அழைத்தது கண்டுபிடிக்க இல்லை, ஆமாம் என்று சொல்ல.

"நாலு மணிக்கு சம்பந்தி ஊட்டுக்காரங்க வர்றாங்கோ. நாளைக்கு எம் பொண்ணுக்கு வளைகாப்பு," என்றார் ஏகாம்பரம். "அவங்க கால் வெக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு வெளிய போயிருக்கணும். ஓட்டல்காரங்க குரூப்புல போட்டோவோட போட்டுடுவேன். அப்பறம் எவன் சேத்துக்கிறான்னு பாக்கறேன்."

ஜமீலா பட்டியலை எடுத்துக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தாள். எழிலரசி சங்கராபுரம் பக்கத்துப் பெண். எட்டு மாதமாக இங்கே வேலை. அம்பத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறாள். அழுதுமுடித்த முகம், ஆனால் கை மட்டும் வந்தவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், உள்ளே இருந்து காட்டிக்கொடுத்தவள் என்று போட்டோவோடு பெயர் போய்விட்டால் ஆற்காடு ரோட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த ஓட்டலிலும் நிற்க முடியாது, அதுதான் பயமாக இருக்கிறது என்று மெல்லச் சொன்னாள்.

"நான் எழுதியிருந்தா 209 நல்ல ரூம்னு எழுதுவேனா மேடம்? தினமும் காலையில எனக்குத் திட்டு விழுறதே அந்த ரூம்லேருந்துதான். ஒரு சொட்டு வெந்நீர் வராது. இதை சார்கிட்ட சொன்னா, என்னை எதுத்துப் பேசுறியாங்கிறாரு."

ஜமீலா அப்போதுதான் பட்டியலைச் சரியாகப் படித்தாள்.

'208 எடுக்காதீர்கள், தண்ணீர் ஏறாது. 209 ராஜா ரூம், வெந்நீர் முதலில் அங்கேதான் வரும். 210 லிப்டுக்குப் பக்கம், சத்தம் மண்டையைப் பிளக்கும். 205 சமையல்கட்டுக்கு மேலே, காலையில் வெங்காய வாசனையில்தான் கண் விழிக்க வேண்டும். 203-இல் உள்ள பிளக் பாயிண்ட் மட்டும்தான் இஸ்திரிப் பெட்டியைத் தாங்கும், பட்டுப் புடவைக்கு ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொள்ளுங்கள். குறட்டைக்காரர்களை எல்லாம் 202-இல் ஒன்றாகப் போட்டுவிடுங்கள். எல்லாரும் விடிகாலை நாலரைக்குள் குளித்துவிட வேண்டும்.'

"அக்கா, 208-னு ஒண்ணு கெடையாதே," என்றான் பிராங்க். "பேய்தான் எழுதியிருக்குதோ?"

எழிலரசி விளக்கினாள். போன வருஷம் தை மாதம் வரைக்கும் 208 இருந்ததாம். முதலாளிக்கு ஜாதகம் பார்க்கிறவர் எட்டு ஆகாது என்று சொல்லிவிட்டார். உடனே எட்டில் முடிகிற எண்களை எல்லாம் தூக்கிவிட்டு, 208-க்கு 209 என்றும், 209-க்கு 210 என்றும், 210-க்கு 211 என்றும் புதுப் பலகை அடித்துவிட்டார்கள். இதெல்லாம் அவள் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. பழைய ஆட்கள் ஒருவரும் இப்போது இல்லை, சமையலுக்குக்கூட வேறு ஆள்.

"இரண்டும் பூஜ்யமும் ஆறும் கூட்டினா எட்டு வருதே. 206-ஐ மட்டும் ஏன் வுட்டாரு?" என்று பிராங்க் கேட்டான்.

"தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் எழிலரசி. "சாவிக்கெல்லாம் நான்தான் திரும்ப டேக் மாட்டணும்."

ஜமீலா சிரித்துவிட்டாள். பிறகு பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பினாள். அங்கேதான் ஊர் சுற்றும் குறிப்புகள் இருந்தன. 'வெள்ளிக்கிழமை என்றால் விடிந்ததும் மாங்காடு, அப்படியே திருவேற்காடு, பதினொன்றுக்குள் திரும்பிவிடலாம். தி.நகர் போயே தீருவேன் என்பவர்களைக் காரில் அனுப்பாதீர்கள், கோயம்பேட்டிலேயே பொழுது போய்விடும். அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கே சுரங்கப்பாதை தாண்டி பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து மாம்பலம். பீச் கேட்டு அழும் பிள்ளைகளைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அழைத்துப் போங்கள், தண்ணீர்தானே, பிள்ளைகளுக்கு என்ன தெரியும். நம் ரெஸ்டாரண்டில் காபி குடிக்காதீர்கள், எதிர் சந்து டீக்கடைக்குப் போய்விடுங்கள்.'

ஓட்டல்காரர் அறைக்கு அறை வைத்திருந்த அதிகாரப்பூர்வமான அட்டையும் பக்கத்திலேயே இருந்தது. அதில் 'மெரினா கடற்கரை: பத்து நிமிடம்' என்று பளபளப்பாக அச்சடித்திருந்தது. பத்து நிமிஷத்தில் மெரினா போக வேண்டுமென்றால் ஏகாம்பரத்தின் மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டர் எடுக்க வேண்டும் என்று பிராங்க் கணக்குச் சொன்னான். எந்தக் கையேட்டை நம்புவது என்பதில் வந்தவர்கள் தவறு செய்யவில்லை.

"பிராங்க், ஒண்ணு கவனிச்சியா?" என்றாள் ஜமீலா. "ஓட்டல்ல தங்க வர்றவனுக்கு எழுதினா, நீ இந்த ரூம் எடுத்துக்கோன்னு எழுதலாம். குறட்டைக்காரங்களை எல்லாம் ஒண்ணாப் போட்டுடுன்னு யாராவது எழுதுவாங்களா?"

"ரூம் பிரிச்சுக் குடுக்கிறவனுக்கு எழுதுனது."

"எஸ்டேட்டுக்கு ஆடிட் பண்ண வர்றவன் பட்டுப் புடவைக்கு இஸ்திரி போடுவானா? எல்லாரும் ஒரே நாள்ல நாலரைக்குள்ள குளிக்கணும்னு எங்க சொல்லுவாங்க?"

பிராங்க் ஒரு நொடி யோசித்தான். "கல்யாணம்க்கா. ஆறு டு ஏழரை முகூர்த்தம்."

பழைய பதிவேடுகள் ஸ்டோர் ரூமில் துடைப்பங்களுக்குப் பின்னால் கிடந்தன. எழிலரசி தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். பலகை மாறுவதற்கு முன்னால் ஓட்டல் முழுவதும் ஒரே பெயரில் போனது ஒரே ஒரு முறைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வைகாசியில், மூன்று நாள். பெயர் எழுதும் இடத்தில் 'ஓனர் வீட்டு விசேஷம்' என்று இருந்தது.

ஜமீலா பதிவேட்டை மூடிவிட்டு ஏகாம்பரத்திடம் போனாள். பட்டியலைப் பற்றிப் பேசவே இல்லை. மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தாள். மனிதர் மலர்ந்துவிட்டார். ஐந்நூறு பேர் பந்தி, ஒரு குறை கிடையாது, தங்குகிற ஏற்பாடு முழுக்கப் பட்டாபிராமில் இருக்கும் அவருடைய அக்கா கன்னியம்மாள் பொறுப்பு, அக்கா இல்லையென்றால் கல்யாணமே நடந்திருக்காது என்று கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் நினைவு வந்து, எழிலரசி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். மூன்றரைக்குள் சொல்கிறேன் என்று ஜமீலா கிளம்பிவிட்டாள்.

அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து திருவள்ளூர் வண்டி. மத்தியான நேரமானதால் உட்கார இடம் கிடைத்தது. சொந்தக்காரர்களில் யாரோ கல்யாணத்துக்காக எழுதியதுதான் மூன்று வருஷம் ஊர் சுற்றி, தலையும் வாலும் வெட்டுப்பட்டு, யாரோ ஒரு புண்ணியவான் கையில் 'உள்ளே இருப்பவர் சொல்லும் ரகசியங்கள்' ஆகிவிட்டது என்று ஜமீலா சொன்னாள். எண்கள் மாறியது பட்டியலுக்குத் தெரியாது. அதனால்தான் 208-ஐத் தேடிப் பேய்க்காரர்கள் வருகிறார்கள், 209-ஐக் கேட்டு வாங்கியவர்கள் சோப்பு நுரையோடு நின்று கத்துகிறார்கள். எழுதிய ஆளின் பெயர் மட்டும் கிடைத்துவிட்டால் எழிலரசி தப்பிப்பாள்.

"அக்காவே எழுதியிருந்தா? தம்பி விட்டுடுவாரு. வேற யாராவது ஏழை சொந்தமா இருந்தா மாட்டிக்கும்," என்றான் பிராங்க். எப்போதும் சிரிக்கிறவன் இதைச் சிரிக்காமல் சொன்னான்.

பட்டாபிராமில் புதிதாகக் கட்டிய ஃபிளாட் ஒன்றின் முதல் மாடியில் கன்னியம்மாள் மகனோடும் மருமகளோடும் இருந்தாள். அறுபத்தைந்து வயது, கணீரென்ற குரல். பட்டியலைக் காட்டியதும் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். அது தம்பி வாய்ஸ் மெசேஜில் சொன்னது, ஆறு நிமிஷம், எல்லாராலும் பொறுமையாகக் கேட்க முடியாது என்று மருமகள் ஸ்வாதி டைப் அடித்துக் குடும்ப குரூப்பில் போட்டாள் என்றாள்.

"எந்தத் தம்பி?" என்றான் பிராங்க்.

"எனக்கு இன்னா பத்து தம்பியா கீறாங்க? ஏகாம்பரம்தான்."

பிராங்க் ஜமீலாவைப் பார்த்தான். அவன் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷ வேலையில் ஜமீலா அதைப் பார்ப்பது முதல் முறை.

கன்னியம்மாள் எதையும் அழிக்காதவள். போனில் இடம் இல்லை இல்லை என்று அது தினமும் கெஞ்சியும் மசியவில்லை. பத்து நிமிஷம் தேடி அந்த வாய்ஸ் மெசேஜை எடுத்து ஓடவிட்டாள். ஏகாம்பரத்தின் குரல் ஹாலை நிறைத்தது.

"அக்கா, நல்லா கேட்டுக்கோ. 208, 210, 205 மூணையும் சம்பந்தி ஊட்டுக்குக் குடுத்துடு. 208-ல தண்ணி ஏறாது, 210 லிப்டாண்ட கீது, 205 சமையக்கட்டுக்கு மேல. சம்பந்தியம்மாவ 208-ல போடு. கேட்டா மோட்டாரு ரிப்பேரு, எல்லா ரூம்லயும் இதே கதிதான்னு சொல்லிக்கலாம். நம்ம ஆளுங்க 209-ல இருந்துக்கட்டும். அவங்களுக்கு இன்னா தெரியும், கல்யாண சந்தோஷத்துல தூங்கிடுவாங்கோ."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு நல்ல அறையாகப் பார்த்துக் கொடுப்பது உலக வழக்கம். ஏகாம்பரம் உலகத்தைவிட ஒரு படி மேலே யோசித்தவர். சம்பந்தி வீட்டைப் பற்றிய இந்த வரிகளைத்தான் ஸ்வாதி டைப் அடிக்காமல் விட்டிருந்தாள். மாமியார் வீட்டு மானம் என்று அவளுக்காவது தோன்றியிருக்கிறது.

"அப்பவே சொன்னேன், தப்புடான்னு," என்றாள் கன்னியம்மாள். "அந்தம்மா நாலு மணிக்கு இருட்டுல கீழேர்ந்து பக்கெட்டுல வெந்நீ தூக்கினு போச்சு. எனக்கு மனசே ஆறல."

ஜமீலா அவளிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தப் பட்டியலை எழுதியதாக ஒரு பெண்ணின் வேலை இன்று நாலு மணிக்குப் போகப் போகிறது, பெயரும் சேர்ந்து போகப் போகிறது என்றாள். கன்னியம்மாள் போனை மறுபடியும் கையில் எடுத்தாள். பிறகு, இவன் வாயால் சொன்னதற்கு அந்தப் பொண்ணு ஏன் வேலையை விடணும், எடுத்துக்கினு போ என்று மெசேஜை ஜமீலாவுக்கு அனுப்பிவிட்டாள்.

திரும்பி வரும்போது வண்டி ஆவடி தாண்டி இருபது நிமிஷம் நின்றுவிட்டது. ஓட்டலுக்குள் நுழையும்போது மணி மூன்று ஐம்பது. ரிசப்ஷனில் எழிலரசியின் கைப்பையும் டிபன் பாக்ஸும் மேஜை மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று அவள் சொல்லாமலே தெரிந்தது.

ஏகாம்பரம் புதுச் சட்டையில் இருந்தார். ஆள் யார், சீக்கிரம் சொல்லு என்றார். ஜமீலா போனை மேஜை மேல் வைத்து மெசேஜை ஓடவிட்டாள். முதல் வார்த்தையிலேயே அவர் கை சட்டைப் பொத்தானில் நின்றது. 'அவங்களுக்கு இன்னா தெரியும்' வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள இருக்கிற ஆளுதான் சார் எழுதினது," என்றான் பிராங்க் மரியாதையாக. "நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்க."

முதலில் அக்காவைத் திட்டினார், பிறகு ஸ்வாதியை, பிறகு செல்போன் கண்டுபிடித்தவனை. கடைசியில், இதை அழித்துவிடு என்றார். ஜமீலா தன் நிபந்தனையைச் சொன்னாள். கடிதத்தைக் கிழிக்க வேண்டும், எழிலரசியைப் பற்றி எந்த குரூப்பிலும் ஒரு வார்த்தை வரக்கூடாது, அவளைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று அவரே சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் அவர் உடனே தலையாட்டினார். கடிதம் நான்காகக் கிழிந்து கூடைக்குப் போனது. மூன்றாவதுக்கு மட்டும், முதலாளி போய் ரிசப்ஷன் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். ஜமீலா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள், அழிக்கவில்லை.

அந்த நேரம் வாசலில் கார் வந்து நின்றது. ஏகாம்பரம் எழுந்து ஓடினார். சம்பந்தியம்மாள் அரக்கோணத்திலிருந்து வந்திருந்தாள். கூட வந்தவர்கள் வளையல் பெட்டியும் பழத் தட்டும் இறக்கிக்கொண்டிருக்க, அவள் நேராக ரிசப்ஷனுக்கு நடந்தாள். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து எழிலரசி முன்னால் விரித்தாள். அதே பட்டியல்.

"எங்க தெருவுல எல்லார் போன்லயும் இது வந்துச்சும்மா. இதுல 209 ராஜா ரூம்னு போட்டிருக்கு. எனக்கு அதையே குடுத்துடு. போன தடவை வந்தப்ப மூணு நாள் வெந்நீருக்கு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன்."

எழிலரசி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். நாளைக்கு வளைகாப்பு, இன்னொரு தடவை இந்த அம்மாள் பக்கெட் தூக்கினால் மகள் வாழ்க்கை என்ன ஆகும் என்ற பதற்றம் அவருக்கு. அந்த ஒரு நிமிஷம் அவர் நல்ல மனதோடுதான் பேசினார்.

"ஐயோ 209 வேணாம் சம்பந்தி. அது பழைய 208. அதுல கட்டுனதுலேர்ந்து தண்ணியே ஏறாது. நீங்க 210 எடுத்துக்கோங்க, அதுதான் பழைய 209."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. பிராங்க் மேலே சுழலும் மின்விசிறியை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தியம்மாள் காகிதத்தை மறுபடியும் நான்காக மடித்தாள். அவசரமே இல்லை. "பழைய 208-லதான் என்னைத் தங்க வெச்சீங்க. மோட்டார் ரிப்பேர், எல்லா ரூம்லயும் இதே கதிதான்னு சொன்னீங்க. என் பையன் கல்யாணத்துல அபசகுனமா ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு நானும் பக்கெட்டத் தூக்கிக்கிட்டுப் போனேன்."

ஏகாம்பரம் எழிலரசியைப் பார்த்தார். பட்டியல் என்று ஒரு வார்த்தை சொல்லி இந்தப் பெண் மேல் பழியைப் போட்டுவிட அவர் வாய் திறந்தது. எதிரே ஜமீலா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாய் மூடிக்கொண்டது. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"தப்பு என்னுதுதான். இந்தப் பொண்ணு மேலயும் இன்னிக்கு அநியாயமா பழி போட்டேன்."

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள். கண் துடைத்தாளா, சாவி தேடினாளா என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் எடுத்து மேஜைக்குக் கீழே திரும்ப வைத்தாள்.

சம்பந்தியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது போலத் தெரிந்தது, முழுக்க இறங்கவில்லை. "எங்களுக்கு 210 போடும்மா. 209 காலியாத்தானே இருக்கு? அதை என் சம்பந்தி பேர்ல எழுது. வளைகாப்பு முடியிற வரைக்கும் அவரும் எங்களோடவே தங்கட்டும். காலையில நாலரைக்குக் குளிச்சிடணும்."

ஏகாம்பரம் சிரிக்க முயன்று பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. எழிலரசி பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வேணும்."